மீள்குறி இல்லாத களம்

“மூணு நிமிஷம்தாங்க, ஆசான். அதுக்கு மேல ஒருத்தரும் என் களத்துல நிக்க மாட்டேங்கறாங்க. ஏன்?”

கேட்டவர் அருணகிரி. வயது நாற்பத்து நான்கு. சேலத்தில் திருமண மேடைகளுக்கு அலங்காரம் செய்பவர்.

கேட்கப்பட்டவள் உமையாள். வயது இருபத்தேழு. செவ்வாய்பேட்டையில் ஒரு பாத்திரக் கடையின் மாடியில், பழுதான கேம் கன்ட்ரோலர்களைச் சீர்செய்பவள்.

அவள் நிமிரவில்லை. கையில் ஸ்க்ரூ டிரைவர். மேசைமேல் குடல் சரிந்த ஒரு கன்ட்ரோலர்.

“மூணு நிமிஷம் நிக்கறாங்களா? பரவால்லையே,” என்றாள்.

அருணகிரி நின்றுகொண்டே இருந்தார்.

சக்கரப் பலகையில் சறுக்கிப் பாயும் வீடியோ கேம் அது. ஆடுவது அதில் பாதி இன்பம். மறுபாதி, நமக்கென ஒரு களத்தை நாமே கட்டுவது. சாய்தளம், கம்பி, பள்ளம், படிக்கட்டு என்று அறுநூறு உருப்படிகள் வரை எடுத்து, வேண்டிய இடத்தில் வேண்டியவாறு நிறுத்தலாம். கட்டி முடித்த களத்துக்குள் எந்த ஊரிலிருந்தும் எவரும் தம் வீட்டுத் திரை வழியாக நுழைந்து ஆடலாம்.

தமிழ் ஆட்டக்காரர் நாற்பத்திரண்டு பேர் ஒரு குழுவாகக் கூடியிருந்தார்கள். ஆண்டுதோறும் மார்கழியின் கடைசி ஞாயிறன்று மூன்று புதிய களங்கள் அவர்கள் முன் வைக்கப்படும். மதிப்பெண் இல்லை, தீர்ப்புச் சொல்ல நடுவர் இல்லை. சரியாகப் பன்னிரண்டு மணிக்கு எந்தக் களத்தில் அதிகம் பேர் நிற்கிறார்களோ, அதுவே அடுத்த மார்கழி வரை அவர்களுடைய தாய்க்களம். நாள்தோறும் அங்கேதான் கூடுவார்கள், அங்கேதான் விழுவார்கள், அங்கேதான் சிரிப்பார்கள்.

ஒருவர் தம் வாழ்நாளில் மூன்று முறை மட்டுமே களம் வைக்கலாம் என்பது விதி.

அருணகிரி இரண்டு முறை வைத்துவிட்டார். இரண்டு முறையும் பன்னிரண்டு மணிக்கு அவர் களத்தில் ஒருவர்தான் நின்றார். அந்த ஒருவர் அருணகிரி.

இன்னும் பதினாறு நாள் இருந்தது.

உமையாள் அடுத்தடுத்து மூன்று ஆண்டுகள் தாய்க்களம் கட்டியவள். மூன்று முறையும் முடிந்துவிட்டதால் இனி அவளால் வைக்க இயலாது. குழுவில் பெரியவர் சிறியவர் அனைவருக்கும் அவள் ஆசான்.

“சரி, உங்களுக்கு எதுக்கு அது?” என்றாள்.

“எதுங்க?”

“தாய்க்களம்.”

அருணகிரி தம் விரல்களைப் பார்த்தார்.

“இருபது வருஷமா மேடை கட்டறேனுங்க. சாயங்காலம் கட்டுனா மறுநாள் மத்தியானம் பிரிச்சாகணும். பந்தி முடியறதுக்குள்ள என் பசங்க ஆணி புடுங்க ஆரம்பிச்சுடுவாங்க. நான் கட்டுனதுல ஒண்ணே ஒண்ணு, ஒரு வருஷம் நிக்கணும். அதுல ஜனங்க புழங்கணும். அவ்வளவுதான்.”

ஸ்க்ரூ டிரைவர் நின்றது.

“உக்காருங்கண்ணா,” என்றாள் உமையாள். “களத்தைக் காட்டுங்க.”

*

திரையில், போன ஆண்டு அவர் வைத்த களம் விரிந்தது.

நான்கு யானைகள். அறுபது பூந்தூண்கள். நூற்றெட்டு விளக்குகள். நடுவே தாமரைக் குளம்; குளத்தின் அக்கரையில் ஒரு பொன்மேடை. மேடைக்கு மூன்று பக்கமும் மல்லிகைச் சுவர். அறுநூறு உருப்படிகளில் அறுநூறையும் அவர் செலவிட்டிருந்தார்.

“போன வருஷம் தூத்துக்குடி ரோஸ்லின் என்ன சொன்னாங்க?”

அருணகிரியின் முகம் சுண்டியது. ரோஸ்லின் அந்தக் குழுவின் மிகச் சிறந்த ஆட்டக்காரி. ஒரு பிரசவ மருத்துவமனையில் செவிலி. அவள் எதையும் புகழ்ந்து பேசி எவரும் கேட்டதில்லை.

“மணவறை நல்லாருக்கு, மாப்பிள்ளையத்தான் காணல... அப்படின்னாங்க.”

உமையாள் உதட்டை மடித்துச் சிரிப்பை அடக்கினாள்.

“ஆடுங்க.”

அருணகிரி ஆடினார்.

அடடா, அந்த மனிதர் ஆடத் தெரியாதவர் அல்லர்! உச்சிக் கோபுரத்திலிருந்து இறங்கினார். யானையின் துதிக்கைமேல் சறுக்கினார். தூண்களுக்கிடையே ஊசியில் நூல் போலப் புகுந்து, குளத்தின் விளிம்பில் எம்பி, காற்றில் பலகையை ஒரு முழுச் சுற்றுச் சுழற்றி, அக்கரைப் பொன்மேடையில் வந்து நின்றார். நாற்பதே நொடி. ஒரு பிசிறு இல்லை.

நின்றதும் அவருடைய கட்டைவிரல் ஒரு பட்டனை அழுத்தியது. மறுகணம் அவர் மீண்டும் கோபுர உச்சியில் இருந்தார்.

“இன்னொரு தடவை,” என்றாள் உமையாள்.

ஆடினார். மேடை. பட்டன். உச்சி.

“இன்னொரு தடவை.”

இம்முறை அவள் திரையைப் பார்க்கவில்லை. அவருடைய கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மேடை. பட்டன். உச்சி.

“அது என்ன பட்டன்ண்ணா?”

“மீள்குறிங்க. உங்களுக்குத் தெரியாததா? மொதல்லயே மேல ஒரு குறி நட்டு வெச்சுட்டா, எங்க இருந்தாலும் ஒரே அமுக்கு; குறிக்கு வந்துடலாம்.”

“கொண்டாங்க.”

கன்ட்ரோலரை வாங்கினாள். நான்கு திருகுகளைக் கழற்றினாள். அந்தப் பட்டனுக்கு அடியிலிருந்த, மிளகளவு ரப்பர் ஒன்றை நகத்தால் நெம்பி எடுத்தாள். மூடினாள். திருகினாள். நீட்டினாள்.

“இப்ப ஆடுங்க.”

உச்சி. யானை. தூண்கள். எம்பல். சுழற்சி. மேடை.

கட்டைவிரல் அழுத்தியது.

ஒன்றும் நடக்கவில்லை.

மீண்டும் அழுத்தியது.

“ஆசான், கெட்டுப்போச்சுங்க.”

“கெடல. வெளிய வாங்க.”

“எப்படிங்க வர்றது?”

“உங்க களம்தானே?”

வலப்பக்கம் மல்லிகைச் சுவர். இடப்பக்கம் மல்லிகைச் சுவர். பின்னாலும் அதுவே. முன்னால் குளம். அருணகிரி பெருமூச்சுவிட்டுக் குளத்தில் இறங்கினார். குளத்தின் நான்கு கரைகளும் செங்குத்து. தாமரைகளைச் சுற்றி ஒரு வலம் வந்தார். இரண்டாம் வலம் வந்தார். கரையில் முட்டினார், விழுந்தார், எழுந்து மறுகரையில் முட்டினார்.

உமையாள் இதற்குள் வேறொரு கன்ட்ரோலரைத் திறந்திருந்தாள்.

“என்னண்ணா, குளம் பிடிச்சிருக்கா?”

“வழி... வழி வைக்கலீங்களே.”

“புதுசா ஒருத்தர் உள்ள வந்தா, மொதல்ல குறி நடுவாரா? இறங்கிப் பாப்பாரா?”

அருணகிரி பலகையைக் குளத்தின் நடுவில் நிறுத்தினார்.

“போன வருஷம் ஒரு பத்துப் பேரு இந்தக் குளத்துல சுத்திச் சுத்தி வந்தாங்க,” என்றார் மெல்ல.

“பாத்தீங்களா?”

“பாத்தேனுங்க. தாமரைய ரசிக்கறாங்கன்னு நெனச்சேன்.”

உமையாள் தலையைக் குனிந்துகொண்டாள். அவள் தோள்கள் குலுங்கின.

*

மூன்றாம் நாள் காலை அருணகிரி ஓடி வந்தார். மார்கழியில் முகூர்த்தம் இல்லை. மேடைக்காரர்களுக்கு ஆடியைப் போல அதுவும் ஓய்வு மாதம். அவருக்கோ அதுவே பெருவேலை.

“வழி வெச்சுட்டேன், ஆசான்! வாங்க, வந்து பாருங்க!”

குளத்திலிருந்து ஒரு படிக்கட்டு எழுந்தது. ஐம்பத்து நான்கு படிகள். இருபுறமும் கைப்பிடி. படிக்குப் படி அகல்விளக்கு. தொடக்கத்தில் ஓர் அம்புக்குறி.

உமையாள் ஆடினாள். நாற்பது நொடியில் கீழே வந்தாள். படிக்கட்டின் அடியில் நின்றாள்.

“இங்க என்ன செய்யணும்?”

“பலகையக் கைல எடுத்துக்கிட்டு ஏறணுங்க.”

“நீங்க ஏறுங்க.”

கன்ட்ரோலரை அவர் கையில் கொடுத்துவிட்டு அவள் வெந்நீர் வைக்கப் போனாள்.

அருணகிரி ஏறினார். ஆட்டத்தில் நடை மெதுவானது. ஒரு படி. இன்னொரு படி. உச்சியை எட்டியபோது உமையாள் தேத்தூள் போட்டிருந்தாள்.

“எட்டிட்டேனுங்க!”

“எறங்கி மறுபடி ஏறுங்க.”

இறங்கினார், ஏறினார். அவள் பால் ஊற்றினாள்.

“மறுபடி.”

மூன்றாம் ஏற்றத்தில், இருபத்தெட்டாம் படியில், அருணகிரி கொட்டாவி விட்டார்.

இரண்டு தம்ளர்களோடு வந்து நின்றவள் அதைப் பார்த்துவிட்டாள்.

“கட்டுனவருக்கே தூக்கம் வருது,” என்றாள். “டீயக் குடிங்க.”

“அப்ப எப்படித்தாங்க மேல வர்றது?”

“கீழ எப்படி வந்தீங்க?”

“வேகமாங்க!”

“அந்த வேகம் எங்க போச்சு?”

அருணகிரி திரையைப் பார்த்தார். பொன்மேடையைப் பார்த்தார். மேடையில் அவர் வந்து நின்றபோது அந்த வேகம் எங்கேதான் போயிற்று? எவரோ கையில் இருந்ததைப் பிடுங்கிக்கொண்டது போல இருந்தது.

தேநீர் ஆறிப்போனது. அவர் குடிக்கவில்லை.

*

விடை அவருக்குத் தம் சாமான் கொட்டகையில் கிடைத்தது.

மணமக்களை அமர்த்தும் ஊஞ்சல் ஒன்று அங்கே உத்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. பித்தளைச் சங்கிலி, தேக்குப் பலகை. சந்தன மாலைகளை எடுக்கக் குனிந்தவர், அதை முழங்கையால் அறியாமல் தள்ளிவிட்டார்.

ஊஞ்சல் போனது. உயர்ந்தது. ஒரு கணம் நின்றது. திரும்பி வந்து அவர் இடுப்பில் சரியாக ஓர் இடி இடித்தது.

“அம்மா!” என்றார்.

இடுப்பைப் பிடித்தபடி அந்த ஊஞ்சலையே பார்த்தார். பிறகு அதைத் தூக்கி விட்டார். போனது, உயர்ந்தது, வந்தது. எவரும் அதைத் தள்ளவில்லை. இறங்கியதே ஏற்றிவிட்டது.

மாலைகள் தரையில் விழுந்தன. அருணகிரி செருப்பை மறந்து வீட்டுக்கு ஓடினார்.

குளத்தின் செங்குத்துக் கரைகளை இடித்து, உள்ளங்கையைக் குவித்தாற்போல வளைத்தார். பொன்மேடையை எடுத்தார், அங்கே ஒரு சரிவு வைத்தார். சரிவுக்கு இடம் போதவில்லை. ஒரு யானை நின்றது. எடுத்தார். இன்னும் போதவில்லை. இரண்டாம் யானை. தூண்கள். விளக்குகள். ஒவ்வொன்றையும் நீக்கும்போது விரல் தயங்கியது. நீக்கிய பின்னரோ, அந்த வெற்றிடத்தில் பலகை எப்படிப் பாயும் என்பது கண்ணுக்குத் தெரிந்தது.

நான்காம் யானையிடம் மட்டும் அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு அதையும் எடுத்தார்.

அறுநூற்றில் நூற்று முப்பது மிஞ்சியது.

எட்டாம் நாள் உமையாளின் மாடிப்படிகளை அவர் இரண்டிரண்டாகத் தாவி ஏறினார்.

“பேசாதீங்க! ஒண்ணும் கேக்காதீங்க! பாருங்க, போதும்!”

இறங்கினார்.

உச்சியிலிருந்து ஒரே பாய்ச்சல். பள்ளம் வாயைத் திறந்து அவரை வாங்கிக்கொண்டது. வாங்கிய வேகத்தில் மறுகரையில் தூக்கி எறிந்தது. அங்கே ஒரு திருப்பம். அதன் தோளில் ஏறிச் சரிந்து, நீளக் கம்பியில் தேய்ந்து, அடுத்த பள்ளத்துக்குள் விழுந்து, எழுந்து, இடப்பக்கம் வளைந்து, இதோ இதோ என்று உயர்ந்து... அவர் மீண்டும் உச்சியில் நின்றார். காலை ஒரு முறைகூடத் தரையில் ஊன்றவில்லை.

நிற்கவும் இல்லை. மீண்டும் விழுந்தார். மீண்டும் வந்தார். மூன்றாம் சுற்று. நான்காம் சுற்று. அவர் உட்கார்ந்திருந்த ஸ்டூல் அவரோடு சேர்ந்து இடமும் வலமும் சாய்ந்தது.

உமையாள் கையில் இருந்ததைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றாள். ஓர் ஆட்டத்துக்காக அவள் எழுந்து நின்று அருணகிரி பார்த்ததில்லை.

“கொடுங்க! எனக்குக் கொடுங்க!”

கன்ட்ரோலரைப் பறிக்காத குறையாக வாங்கினாள். உச்சியில் நின்றாள்.

பின்பு எதிர்ப்பக்கமாகத் திரும்பினாள்.

“ஆசான், அந்தப் பக்கம் இல்லீங்க! இந்தப் பக்கம்!”

அவள் இறங்கிவிட்டாள். மூன்று நொடி. சாமந்தி வேலி ஒன்றில் முகம் மோதி விழுந்தாள்.

எழுந்தாள். குறுக்கே போனாள். ரோஜா வேலி. விழுந்தாள்.

“அங்க போக முடியாதுங்க. பாதை ஓரம் பூராவும் வேலி போட்டிருக்கேன்.”

“எதுக்கு?”

“வர்றவங்க தப்பான பக்கம் போயிடக் கூடாதுன்னுங்க.”

“போனா?”

“போனா... அது சரியா வராதுங்க.”

“போய்ப் பாத்தீங்களா?”

“நான் ஏங்க போகணும்? வழி இது இருக்கே!”

உமையாள் மறுபடி விழுந்தாள். இம்முறை கனகாம்பரம்.

“அண்ணா, இந்த வேலிக்கு அந்தப் பக்கம் ஒருத்தர் போனா என்ன ஆகும்?”

அருணகிரி யோசித்தார். தலையைச் சொறிந்தார். களத்தின் ஒவ்வோர் அடியும் அவருக்கு மனப்பாடம்.

“தெரியாதுங்க,” என்றார்.

உமையாள் கன்ட்ரோலரை அவர் மடியில் வைத்தாள். அவள் முகம் விளக்கேற்றியது போல இருந்தது.

“நல்லதுண்ணா. போயிட்டு வாங்க.”

*

மார்கழியின் கடைசி ஞாயிறு.

காலை பத்து மணிக்கு முதற்களம். பத்தரைக்கு இரண்டாவது. பதினொன்றுக்கு அருணகிரியுடையது. அதன்பின் எவரும் எந்தக் களத்துக்கும் போகலாம், வரலாம். பன்னிரண்டு மணிக்கு எண்ணிக்கை.

அருணகிரி உமையாளின் அறையில், திரைக்கு இரண்டடி தள்ளி, கைகளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். திரையின் மூலையில் ஓர் எண் தெரியும்: களத்துக்குள் அப்போது இருப்பவர் எத்தனை பேர் என்பது. ஒலிபெருக்கியில் அவர்கள் பேசுவதும் கேட்கும்.

நாற்பது.

“ஏய், இது அந்த மணவறைக்காரர் களமா?” என்றது ஒரு குரல்.

“யானைய எங்க காணோம்?”

“யானை விருந்துக்குப் போயிருக்கு!”

சிரிப்பு. பின்பு ஒருவர் இறங்கினார். ஒருவர் பின் ஒருவராக, மதகு திறந்தாற்போல, நாற்பது பேரும் இறங்கினார்கள்.

தடுக்க இப்போது வேலிகள் இல்லை; அருணகிரி வகுத்த பாதையில் அவர்களில் ஒருவர்கூடப் போகவில்லை.

“ஐயோ, இடது பக்கம்! இடது பக்கம் திரும்பணும்!”

“அவங்களுக்குக் கேக்காது,” என்றாள் உமையாள். “மைக் அணைஞ்சிருக்கு.”

ஒருவர் பள்ளத்தில் சரிந்து பாதியில் நின்றார். இருவர் மோதிக்கொண்டார்கள். வேறொருவர் திருப்பத்தின் தோளில் எதிர்த்திசையில் ஏறி, தலைகீழாக விழுந்தார். எங்கும் விழுகை, எங்கும் கூச்சல்.

முப்பத்தேழு.

“போறாங்க, ஆசான்.”

முப்பத்து நான்கு. முப்பத்தொன்று.

அருணகிரி உமையாளிடம் திரும்பினார். “அந்த வேலிய எடுத்திருக்கக் கூடாதுங்க. ஒரு சுத்து, ஒரே ஒரு சுத்து ஒழுங்கா போயிருந்தாங்கன்னா...”

மணி பதினொன்றரை. எண் இருபத்தாறு.

அப்போது ஒலிபெருக்கியில் ஒரு குரல் எழுந்தது. கணீரென்ற குரல். ரோஸ்லின்.

“எல்லாரும் கொஞ்சம் ஒதுங்குங்க. நான் ஒண்ணு பாத்துட்டேன்.”

அவள் பள்ளத்துக்குள் இறங்கவில்லை. சரிவின் பின்புறத்துக்குப் போனாள்.

“அங்க எதுக்குங்க போறாங்க?” அருணகிரி பாதி எழுந்துவிட்டார். “அது முட்டு! மண்ணு சரியாம இருக்க அண்டக் குடுத்தது! அங்க ஒண்ணுமே இல்ல!”

உமையாள் கையை நீட்டி மைக்கைத் திறந்தாள்.

“அங்க ஒண்ணுமே இல்லீங்க!” என்று அருணகிரி கத்தியது தூத்துக்குடி வரைக்கும் போயிற்று.

“ஒண்ணும் இல்லையா?” என்றாள் ரோஸ்லின். “அப்ப நான் எதுல ஏறப்போறேன்?”

ஏறினாள்.

முட்டின் முதுகில், அவர் ஒரு முறைகூடத் திரும்பிப் பாராத அந்தச் சொரசொரத்த முதுகில், பலகை படபடவென்று ஏறியது. உச்சி விளிம்பைத் தாண்டியது. களத்துக்கு மேலே, ஆடிக்கொண்டிருந்த அத்தனை பேருடைய தலைகளுக்கும் மேலே, ரோஸ்லின் காற்றில் எழுந்தாள். ஒரு சுற்று. இரண்டு சுற்று. கீழே நீளக் கம்பி மின்னியது. அதன் நடுவில் இறங்கி, பொறி பறக்க, அருணகிரியின் பாதை முழுவதையும் தலைமாறி, கடைசியிலிருந்து முதலுக்கு, ஒரே மூச்சில் ஓடி முடித்தாள்.

“ஏ யப்பா!” என்றது ஒரு குரல். பிறகு எல்லாக் குரலும் ஒன்றாய்ப் பொங்கியது.

“எனக்கு!”

“தள்ளுய்யா, நான் மொதல்ல!”

“அந்தப் பக்கமும் ஒரு முட்டு இருக்கு, பாத்தியா? ரெண்டையும் சேர்த்துப் போகலாம்!”

“மத்தவங்களைக் கூப்புடுங்கப்பா, ஓடுங்க!”

இருபத்தொன்பது. முப்பத்து மூன்று. எண் ஏறுவதை அருணகிரி பார்க்கவில்லை. அவர் திரைக்கு முகத்தை ஒட்டாத குறையாகக் கொண்டு போயிருந்தார்.

“யாருங்க இந்த முட்டை இப்படிச் சாய்ச்சு வெச்சது?” என்றாள் ரோஸ்லின். “சொல்லுங்க, மணவறைக்காரரே. இதுல இப்படி ஏறலாம்னு கணக்குப் போட்டுத்தான வெச்சீங்க?”

உமையாள் அருணகிரியைப் பார்த்தாள். ஆம் என்று ஒரு சொல் சொன்னால் போதும்.

“இல்லீங்க,” என்றார் அருணகிரி. “எனக்குத் தெரியாதுங்க. சத்தியமாத் தெரியாது. எப்படி ஏறுனீங்க? கொஞ்சம் மெதுவா இன்னொரு வாட்டி காட்டுங்களேன்!”

“காட்டவா? உள்ள வாங்க, காட்டுறேன்.”

அருணகிரி கன்ட்ரோலரை எடுத்துக்கொண்டு தம் களத்துக்குள் நுழைந்தார்.

“பின்கால அழுத்திப் பிடிங்க. இன்னும் கொஞ்சம் தள்ளி வாங்க. அங்கேர்ந்து... இப்ப!”

பாய்ந்தார். பாதியில் சறுக்கி, மல்லாந்து விழுந்தார்.

நாற்பது வீடுகளின் சிரிப்பு அந்தச் சிறிய அறையில் வந்து நிறைந்தது. அருணகிரியின் சிரிப்பு அதைவிடப் பெரிதாக இருந்தது.

“இன்னொரு வாட்டி!”

விழுந்தார்.

“முன்னால சாயாதீங்க, முன்னால சாயாதீங்க!” என்று எவரோ கத்தினார்.

விழுந்தார். ஸ்டூலைக் காலால் பின்னே தள்ளிவிட்டுத் தரையில் சம்மணமிட்டு அமர்ந்தார். சட்டையின் மேல்பொத்தானைக் கழற்றினார்.

பாய்ந்தார். விளிம்பை விரலளவு தொட்டு, அங்கிருந்து உருண்டு விழுந்தார்.

“ஆ! போச்சு! போச்சு! தொட்டுட்டேன், பாத்தீங்களா? தொட்டுட்டேன்!”

உமையாள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். திரையின் மூலையைப் பார்த்தாள்.

“அண்ணா.”

அவர் திரும்பவில்லை.

“அண்ணா, மணி பன்னெண்டே கால். பன்னெண்டுக்கே எண்ணியாச்சு; நாப்பது பேரும் இங்கதான் நின்னாங்க. மத்த ரெண்டு களத்தக் கட்டுனவங்ககூட இங்க வந்துட்டாங்க.”

“கொஞ்சம் பேசாம இருங்க, ஆசான்!” என்றார் அருணகிரி. “இந்த வாட்டி ஏறிடுவேன்!”